அயலகப் பணியும் வங்கித் தேர்வும்

வேலை நாடி வெளிநாடு செல்லும் இந்தியர் எந்த வங்கியில் கணக்குத் தொடங்குவது, எந்தக் கடன் அட்டையை ஏற்பது என்னும் வினா பெரும்பாலும் வட்டி விகிதங்களையும் அட்டைகள் தரும் சலுகைப் புள்ளிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒப்பீடாகவே பேசப்பட்டு வருகிறது. உள்ளூரில் பிறந்து உள்ளூரிலேயே ஓய்வு பெறுபவருக்கு இந்த ஒப்பீடு போதும். அயலகத்தில் வாழ்பவரின் பணமோ ஒரே நேரத்தில் இரு நாட்டுச் சட்டங்களுக்கும் இரு நாணயங்களுக்கும் உட்பட்டு நிற்பது. அவர் அங்கே தங்கியிருக்கும் உரிமையும் பல நாடுகளில் அவர் பார்க்கும் வேலையோடு பிணைக்கப்பட்டது. ஆகவே ஒரு கணக்கின் தரம் அதைத் தொடங்கும் நாளில் தெரிவதைவிட, ஊருக்குப் பணம் அனுப்பும் நாளிலும், வேலை போகும் நாளிலும், நாடு திரும்பும் நாளிலும்தான் தெளிவாகத் தெரிகிறது. அந்த நாள்களை முன்வைத்து வங்கியைத் தேர்ந்தெடுப்பதே சரியான முறை என்பது இக்கட்டுரையின் துணிபு.

இவ்வினா எத்தனை குடும்பங்களைத் தொடுகிறது என்பதற்கு இந்திய ரிசர்வ் வங்கி 2023-24ஆம் நிதியாண்டுக்கு வெளியிட்ட கணிப்பே சான்று. வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வந்தது. மகாராட்டிரமும் கேரளமும் மட்டுமே அதற்கு மேல் இருந்தன. அதே கணிப்பில் அமெரிக்கா ஏறத்தாழ 28 விழுக்காட்டுடன் முதலிடத்திலும், ஐக்கிய அரபு அமீரகம் 19 விழுக்காட்டுடன் அடுத்த இடத்திலும் இருந்தன. வளைகுடாவின் பங்கு குறைந்து மேலை நாடுகளின் பங்கு உயரும்போது வங்கித் தேர்வின் சிக்கல்களும் மாறுகின்றன. வளைகுடாத் தொழிலாளியின் கவலை பணம் அனுப்பும் செலவும் கடன் பொறியும் என்றால், அமெரிக்கா செல்லும் பொறியாளரின் கவலை கடன் வரலாறும் இரட்டை வரியும் ஆகும்.

கடல் கடந்த பணத்துக்கெனத் தனி வங்கி வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கப்பட்டது. பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்த நகரத்தாரின் தேவையே அதன் கருவாக அமைந்தது. 1963இல் பர்மிய அரசு வங்கிகள் அனைத்தையும் நாட்டுடைமை ஆக்கியபோது வெளிநாட்டு வங்கிகளின் கிளைகளும் அதில் அடங்கின. பணம் வைத்திருக்கும் நாட்டின் அரசு நினைத்தால் வங்கியின் பெயரோ நெடுநாள் நம்பிக்கையோ காப்பாற்றாது என்பதைத் தமிழ் வணிகர் அப்போதே பட்டறிந்தனர்.

சுதந்திர இந்தியா அயலக இந்தியரின் பணத்தைத் தனி வகையாக நடத்தத் தொடங்கியது 1970இல் அறிமுகமான, வெளிநாட்டு ஊதியத்தை ரூபாயில் வைக்கும் என்.ஆர்.ஈ. கணக்கின் மூலமாகும். 1975இல் அந்நிய நாணயத்திலேயே வைப்பை ஏற்கும் எஃப்.சி.என்.ஆர். திட்டம் வந்தது. அதன் முதல் வடிவத்தில் ரூபாயின் மதிப்பு சரிந்தால் ஏற்படும் நட்டத்தை ரிசர்வ் வங்கியே சுமந்தது. 1991 நெருக்கடியின்போது அயலக இந்தியர் பெருந்தொகைகளைத் திரும்ப எடுத்துச் சென்றதும் அந்த நட்டச் சுமை பெருகியதும் சேர்ந்து பழைய திட்டத்துக்கு முடிவு கட்டின. 1993இல் வந்த புதிய வடிவம் மாற்று விகித இடரை வங்கிகளின் தலையில் ஏற்றியது. 2013இல் ரூபாய் மீண்டும் கடுமையாகச் சரிந்தபோது ரிசர்வ் வங்கி இவ்வைப்புகளுக்கு ஆண்டுக்கு 3.5 விழுக்காடு என்ற நிலையான செலவில் நாணயப் பரிமாற்ற வசதி அளித்தது. அதன் பயனாக ஏறத்தாழ 2,600 கோடி டாலர் வைப்பாக வந்து சேர்ந்தது. அயலக வைப்புகளுக்கான சலுகைகள் நாட்டின் செலாவணித் தேவையை ஒட்டி விரிவதும் சுருங்குவதும் இவ்வரலாற்றில் தெரியும் உண்மை. ஆதலால் இன்றைய வட்டி விகிதத்தை நிலையானதாகக் கொண்டு பத்தாண்டுத் திட்டம் வகுப்பது சரியன்று.

இனி நடைமுறைக்கு வரலாம். முதலில் தெளிய வேண்டியது, வெளிநாடு வாழ் இந்தியர் என்பவர் யார் என்பதற்கு இந்தியச் சட்டத்தில் இரு வேறு விடைகள் உண்டு என்பதாகும். 2000 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது: வேலைக்காகவோ தொழிலுக்காகவோ நாட்டை விட்டுச் செல்பவர் புறப்பட்ட நாளிலிருந்தே வெளிநாட்டில் வாழ்பவராகிவிடுகிறார். வருமான வரிச் சட்டமோ ஒரு நிதியாண்டில் அவர் இந்திய மண்ணில் இருந்த நாள்களை எண்ணுகிறது. வங்கியில் எந்தக் கணக்கு வைத்திருக்கலாம் என்பதை முதற்சட்டமும், எந்த வருமானத்துக்கு வரி செலுத்த வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இரண்டாவதும் முடிவு செய்கின்றன. இவ்வேறுபாட்டை அறியாமல் பலர் ஊரில் இருந்த பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறுகின்றனர். உள்நாட்டில் வாழ்பவருக்கான அந்தக் கணக்கு, அவர் வெளிநாட்டில் வாழ்பவர் ஆனதும், என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றப்பட வேண்டும் என்பது விதி. வங்கி கேட்கவில்லை என்பது அதை மீறுவதற்குக் காரணம் ஆகாது.

என்.ஆர்.ஓ. கணக்கு என்பது இந்தியாவில் விளையும் வருமானத்தை, அதாவது வீட்டு வாடகை, ஓய்வூதியம், பங்கு ஈவுத்தொகை முதலியவற்றை வாங்கி வைக்கும் ரூபாய்க் கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி உண்டு. வட்டி வரவு வைக்கப்படும் போதே 30 விழுக்காடும் அதன் மேல் 4 விழுக்காடு மேல்வரியும் பிடிக்கப்படுவதால், ஒரு லட்சம் ரூபாய் வட்டியில் 31,200 ரூபாய் கைக்கு வருவதில்லை. மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். இந்தியாவோடு வரி உடன்படிக்கை செய்துள்ள நாட்டில் வாழ்பவர், அந்நாட்டின் வரிக் குடியிருப்புச் சான்றிதழை வங்கியில் கொடுத்து, உடன்படிக்கை வகுக்கும் குறைந்த விகிதத்தில் பிடித்தம் செய்யுமாறு கேட்கலாம். இக்கணக்கிலிருந்து வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடிய தொகை நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற வரம்புக்கு உட்பட்டது; வரி செலுத்தியதற்கான சான்றுகளும் தேவைப்படும்.

என்.ஆர்.ஈ. கணக்கும் ரூபாய்க் கணக்கே. ஆனால் அதில் வெளிநாட்டு ஊதியமும், வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லத் தகுதி பெற்ற பிற தொகைகளும் மட்டுமே வரவாகலாம். அதன் அசலும் வட்டியும் எந்த வரம்புமின்றி மீண்டும் வெளிநாட்டுக்குச் செல்லலாம். வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. உண்டியல் என்று மக்கள் அழைக்கும் சட்டத்துக்குப் புறம்பான வழியில் ஊருக்குப் பணம் அனுப்புபவர், சற்றே நல்ல மாற்று விகிதத்துக்காக, இந்த உரிமையை முற்றாக இழக்கிறார். அவ்வழியில் வந்த பணத்துக்கு மூலம் காட்ட முடியாது. பின்னாளில் மகளின் மேற்படிப்புக்கோ வெளிநாட்டில் வீடு வாங்கவோ அதை எடுத்துச் செல்லவும் முடியாது. சட்டமீறல் உறுதியானால் தொகையின் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

என்.ஆர்.ஈ. வைப்பின் வட்டி கவர்ச்சியாகத் தோன்றினாலும் ரூபாயின் மதிப்புச் சரிவு வைத்திருப்பவருடையதே. ஒன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை அந்நிய நாணயத்திலேயே வைக்கப்படும் எஃப்.சி.என்.ஆர். வைப்பில் அச்சரிவு அவரைத் தொடுவதில்லை. அதற்கு ஈடாக வட்டி பொதுவாகக் குறைவு. எது மேல் என்பதற்கு விடை, அப்பணம் இறுதியில் எந்த நாட்டில் செலவாகப் போகிறது என்பதில் உள்ளது. கும்பகோணத்தில் வீடு கட்டுவதற்கென்றால் ரூபாய் வைப்பு பொருந்தும். பிள்ளைகளின் அமெரிக்கப் படிப்புக்கென்றால் டாலர் வைப்பே பொருந்தும். அமீரகத்தின் திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்ற அளவில் நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால், அங்கே ஊதியம் பெறுபவர் டாலர் வைப்பில் மாற்று விகித இடர் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பிரித்தானியப் பவுண்டில் ஊதியம் பெறுபவருக்கு இந்த நிம்மதி இல்லை.

வளைகுடா நாடுகளில் வங்கியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்கு ஓரளவே உண்டு. அமீரகத்தில் 2009 முதல் நடைமுறையில் உள்ள ஊதியப் பாதுகாப்பு முறையின்படி, முதலாளி ஊதியத்தை அரசு கண்காணிக்கும் வழியில் வங்கி அல்லது பணமாற்று நிலையம் மூலமாகவே செலுத்த வேண்டும். குறைந்த ஊதியக்காரருக்குக் கணக்குக்குப் பதில் ஊதிய அட்டை மட்டுமே கிடைப்பதும் உண்டு. ஊதியக் கணக்கு தொடங்கிய சில மாதங்களில் கடன் அட்டையையும் தனிநபர் கடனையும் ஏற்குமாறு தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். அமீரக மத்திய வங்கி 2011இல் வகுத்த விதிகளின்படி தனிநபர் கடன் மாத ஊதியத்தின் 20 மடங்கைத் தாண்டக் கூடாது, 48 மாதங்களில் அடைக்கப்பட வேண்டும், எல்லாத் தவணைகளும் சேர்ந்து ஊதியத்தில் பாதியை மீறக் கூடாது. நல்ல விதிகள்தாம். ஆயினும் ஊதியத்தில் பாதி தவணைக்குப் போனால், வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக ஊருக்கு அனுப்ப எவ்வளவு மிஞ்சும் என்பதை விதி கேட்பதில்லை. அதைக் கடன் வாங்குபவரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடன் அட்டையின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாதம் 3 விழுக்காடு வட்டி வாங்கும் அட்டையில் ஒருவருக்கு 10,000 திர்ஹம் பாக்கி இருப்பதாகவும், ஒவ்வொரு மாதமும் வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகையாகிய 5 விழுக்காட்டை மட்டும் அவர் செலுத்தி வருவதாகவும், புதிதாக எதையும் அதில் வாங்கவில்லை என்றும் கொள்வோம். ஓராண்டு முடிவில் அவர் ஏறத்தாழ 5,500 திர்ஹம் கட்டியிருப்பார். பாக்கியோ ஏறத்தாழ 7,700 திர்ஹமாக நிற்கும். கட்டியதில் பாதிக்கு மேல், அதாவது 3,200 திர்ஹம், வட்டிக்கே போயிருக்கும். இதை வேலை ஒப்பந்தக் காலமான இரண்டு ஆண்டுகளில் எப்படி அடைப்பது என்று கணக்கிட்டால், அட்டை தரும் புள்ளிகளும் விமான நிலைய ஓய்வறை வசதியும் எவ்வளவு சிறியவை என்பது விளங்கும். பாக்கி முழுவதையும் மாதந்தோறும் கட்டி முடிக்க இயலாதவருக்குச் சலுகை நிறைந்த அட்டை ஒன்றுகூட இலாபம் தராது.

வேலை போகும் நாளில் நிலைமை இன்னும் கடினமாகிறது. இறுதி ஊதியம் கணக்கில் விழுந்ததும், கடன் நிலுவை உள்ளவரின் கணக்கை வங்கி நிறுத்தி வைப்பது வழக்கம். ஆண்டுக்கு 21 நாள் அடிப்படை ஊதியம் என்ற கணக்கில் சேர்ந்த பணிக்கொடையும் அதிலேயே சிக்கும். கடனுக்கு ஈடாக முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் சிறை என்ற நிலை 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தால் பெருமளவு தளர்ந்துள்ளது. ஆனால் அதே திருத்தம், திரும்பிய காசோலையைத் தனி வழக்கின்றி நேரடியாக நிறைவேற்று நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லும் வழியைக் கடன் கொடுத்தவருக்குத் திறந்துவிட்டது. பயணத் தடை கோரவும் வழியுண்டு. ஊருக்கு ஓடிவந்துவிட்டால் கடன் தொடராது என்ற பழைய நம்பிக்கையும் இப்போது செல்லாது: அமீரக நீதிமன்றங்களின் உரிமையியல் தீர்ப்புகளை இந்திய மாவட்ட நீதிமன்றங்கள் வழியே நிறைவேற்றலாம் என 2020 ஜனவரியில் இந்திய அரசு அறிவிக்கை செய்தது. ஆகவே அங்கே அட்டை வாங்குபவர் ஊதியக் கணக்கு ஒரு வங்கியிலும் கடன் அட்டை மற்றொரு வங்கியிலும் இருக்குமாறு பார்த்துக்கொள்வது நல்லது. புறப்படுவதற்கு முன் அட்டையை முறைப்படி மூடி நிலுவையின்மைச் சான்று பெறுவது அதைவிட முதன்மையானது.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான சிக்கல். வளைகுடாவில் கேட்காமலே வரும் கடன் அங்கே கேட்டாலும் கிடைப்பதில்லை. இந்தியாவில் 300 முதல் 900 வரையிலான சிபில் மதிப்பெண்ணில் எவ்வளவு உயர்ந்து நின்றாலும் அது பொதுவாக எல்லை கடப்பதில்லை. புதிதாக வருபவர் கடன் வரலாறே இல்லாதவராகத் தொடங்குகிறார். 300 முதல் 850 வரை செல்லும் ஃபைகோ மதிப்பெண்ணில் தவறாமல் கட்டிய வரலாற்றுக்கு 35 விழுக்காடும், அனுமதித்த வரம்பில் எவ்வளவு பயன்படுத்தப்பட்டது என்பதற்கு 30 விழுக்காடும், வரலாற்றின் நீளத்துக்கு 15 விழுக்காடும் எடை உண்டு. வாடகை வீடு முதல் வாகனக் கடன் வரை இம்மதிப்பெண் நுழைவதால், கடன் வாங்கத் தேவையில்லாதவரும் ஓர் அட்டை வைத்திருந்தாக வேண்டிய நிலை. முன்பணத்தை வங்கியில் கட்டி அதே அளவு வரம்பு பெறும் ஈட்டுறுதி அட்டையே இதற்கு நல்ல தொடக்கம். ஆண்டுக் கட்டணம் இல்லாத ஒன்றைத் தேர்ந்து, சிறு செலவுகளுக்கு மட்டும் பயன்படுத்தி, மாதந்தோறும் முழுவதையும் கட்டி, அதை நெடுநாள் மூடாமல் வைத்திருந்தால் போதும்.

பிரித்தானியாவில் முகவரிச் சான்றும் வாக்காளர் பட்டியலும் கடன் மதிப்பீட்டில் எடை பெறுகின்றன. இந்தியா, இலங்கை, மலேசியா ஆகிய காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் அங்கே சட்டப்படி வசித்தால் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது பலர் அறியாத உரிமை. கட்டணமில்லாத அப்பதிவு கடன் விண்ணப்பங்களில் உதவுகிறது. சிங்கப்பூரில் ஈட்டுறுதியில்லாத கடன் அட்டைக்குப் பொதுவாக 30,000 வெள்ளி ஆண்டு வருமானம் அடிப்படை. வெளிநாட்டவருக்கு வங்கிகள் இன்னும் உயர்ந்த வரம்பு வைக்கின்றன. கட்டுமானத் தொழிலாளர் பெரும்பாலும் அவ்வரம்புக்கு வெளியே நிற்பதால் அவர்களுக்குப் பற்று அட்டையே உரியதாகிறது. கடன் பொறியை நினைக்கையில் அது இழப்பன்று.

கடனுக்கு அடுத்தது வரி. அமெரிக்காவில் வரி நோக்கில் வசிப்பவராகக் கருதப்படுபவர் உலகெங்கும் ஈட்டும் வருமானத்துக்கும் அங்கே வரி செலுத்த வேண்டும். இந்தியாவில் வரியில்லாத என்.ஆர்.ஈ. வட்டி அமெரிக்காவில் வரிக்குரியது; இந்தியக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனி அறிக்கையாகத் தெரிவிக்கவும் வேண்டும். 2010ஆம் ஆண்டின் ஃபாட்கா சட்டத்தின் வழியே இந்திய வங்கிகள் தரும் விவரங்கள் அங்குள்ள வரித்துறையைச் சென்றடைவதால், ஊரில் உள்ள வைப்பு அங்கே தெரியாது என்று எண்ணுவதற்கு இடமில்லை. தனிநபர் வருமான வரியே இல்லாத அமீரகத்தில் இருப்பவருக்கு என்.ஆர்.ஈ. வைப்பு சிறந்ததாக இருப்பதும், அமெரிக்காவில் இருக்கும் அவருடைய தம்பிக்கு அதன் பயன் குறைவதும் இதனால்தான்.

பணம் அனுப்பும் செலவில் கண்ணுக்குத் தெரியும் கட்டணம் சிறு பகுதியே. மாற்று விகிதத்தில் நூற்றுக்கு ஒன்று குறைத்துத் தந்தாலே ஒரு லட்சம் ரூபாயில் ஆயிரம் ரூபாய் போய்விடும். கட்டணமே இல்லை என்னும் விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்துதான் வாழ்கின்றன. உலக வங்கியின் தொடர் கணிப்புகளில், 200 டாலர் அனுப்பும் சராசரிச் செலவு 6 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. அதை 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகள் அவையின் இலக்கு. அனுப்பும் வழிகளில் வங்கிகளே மிகுந்த செலவுள்ளவை. ஆகவே ஒரே நேரத்தில், ஒரே தொகைக்கு, ஊரில் எத்தனை ரூபாய் போய்ச் சேரும் என்று கேட்பதே நேர்மையான ஒப்பீடு. 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டது இத்துறையில் நல்ல திருப்பம். கைப்பேசி எண்ணைக் கொண்டே சிறு தொகைகளை உடனுக்குடன் அனுப்ப அது வழிசெய்தது. விடுமுறையில் ஊருக்கு வந்து வெளிநாட்டு அட்டையைத் தேய்ப்பவர், கடைக்கருவி எந்த நாணயத்தில் கட்டணம் என்று கேட்டால் ரூபாயையே தேர்ந்தெடுக்க வேண்டும். அட்டைக்குரிய நாட்டின் நாணயத்தைத் தேர்ந்தால் கடைக்காரரின் வங்கி வகுக்கும் மாற்று விகிதமே பொருந்தும், அது பெரும்பாலும் பாதகமானது.

வங்கி நொடித்தால் எவ்வளவு பணம் காக்கப்படும் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அமெரிக்காவில் அது 2,50,000 டாலர். சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் முதல் 1,00,000 வெள்ளி. பணம் அனுப்புவதற்கான செயலிகளில் இருக்கும் தொகை வங்கி வைப்பு அன்று. அதைத் தனியே ஒதுக்கி வைக்கச் சட்டம் கட்டளையிட்டாலும் வைப்புக் காப்பீடு பெரும்பாலும் அதற்குப் பொருந்துவதில்லை.

கணக்கைத் தொடங்கிய பின் மறக்கப்படுபவை இரண்டு. ஒன்று கைப்பேசி எண். இந்திய வங்கியின் ஒருமுறைக் கடவுஎண் இந்திய எண்ணுக்கே வரும் நிலையில், ரீசார்ஜ் செய்யாமல் அந்த எண் முடங்கினால் சொந்தப் பணத்தையே தொட முடியாது போகும். வெளிநாட்டு எண்ணை ஏற்கும் வங்கியைத் தேர்வது இச்சிக்கலைத் தவிர்க்கும். மற்றொன்று இறப்பு. அமீரகத்தில் கணக்கு வைத்திருப்பவர் இறந்தால், நீதிமன்றம் வாரிசுரிமையை முடிவு செய்யும் வரை கணக்கு முடக்கப்படும். கூட்டுக் கணக்கும் முடங்கலாம். ஆகவே குடும்பத்தின் சில மாதச் செலவுக்குரிய தொகையேனும் மனைவி பெயரில் தனிக் கணக்கிலோ ஊரில் உள்ள என்.ஆர்.ஈ. கணக்கிலோ இருக்க வேண்டும். என்.ஆர்.ஈ. கணக்கில் ஊரிலுள்ள நெருங்கிய உறவினரை, முதலாமவருக்குப் பின் எஞ்சியிருப்பவர் என்ற முறையில், இணைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது; நியமனதாரர் பெயரைப் பதிவு செய்யும் ஒரு படிவம் பிற்காலத்து நீதிமன்ற அலைச்சல் பலவற்றைத் தவிர்க்கும்.

நிலையாக நாடு திரும்புபவருக்குச் சட்டம் ஓர் இடைக்காலத்தைத் தருகிறது. முந்தைய பத்தாண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்தவராக, அல்லது முந்தைய ஏழாண்டுகளில் 729 நாள்களுக்கு மிகாமல் இந்தியாவில் இருந்தவராக இருந்தால், வருமான வரி நோக்கில் அவர் சில காலம் முழுமையான குடியிருப்பாளராகக் கருதப்படமாட்டார். அதுவரை அவருடைய வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி பொதுவாக இல்லை. என்.ஆர்.ஈ. வட்டியின் வரிவிலக்கோ செலாவணிச் சட்டத்தின் வரையறையைச் சார்ந்திருப்பதால், நிலையாகத் தங்கும் நோக்குடன் வந்திறங்கிய நாளோடு முடிந்துவிடுகிறது. எஃப்.சி.என்.ஆர். வைப்பை முதிர்வு வரை அப்படியே தொடரலாம். அதன் வரிவிலக்கு அந்த இடைக்காலம் முழுவதும் நீடிக்கும். முதிர்ந்த தொகையைத் திரும்பி வந்தவருக்கென உள்ள ஆர்.எஃப்.சி. கணக்கில் அந்நிய நாணயமாகவே வைத்திருக்கலாம். எனவே திரும்புவதற்கு முன், வெளிநாட்டில் இருக்கும்போதே, என்.ஆர்.ஈ. வைப்பில் ஒரு பகுதியை எஃப்.சி.என்.ஆர். வைப்பாக மாற்றிக்கொள்வது பலருக்கு நன்மை தரும். இவ்விரு வகை வைப்புகளையும் ஓராண்டு நிறைவதற்கு முன் முறித்தால் வட்டியே கிடைக்காது என்பதால், அந்த மாற்றத்தைக் கடைசி மாதத்தில் அவசரமாகச் செய்யாமல், பழைய வைப்பு முதிரும் நாளைப் பார்த்துச் செய்ய வேண்டும்.